பன்னெண்டாவது ஸ்க்ரூ

அஞ்சு பேரு தம்பி, அஞ்சே பேருதான் அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள! ஆறாவதா யாராவது வந்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்னு உங்க ஆபீஸ்ல பேசிக்கறாங்களாமே, எந்த ஆறாவது ஆளு? எழுதிக்குங்க. மேனேஜர் ஒண்ணு. எங்க எலெக்ட்ரீஷியன் ரெண்டு... அவன் என் கொழுந்தன்தான், வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தம்பி, அந்தக் கூத்தை அப்புறம் சொல்றேன். கூட்டற அம்மா மூணு. ரூட்டர் மாட்டறதுக்குன்னு நீங்க அனுப்பி வச்சீங்களே ஒரு நெட்டை, அவன் நாலு. ஸ்டோர் கீப்பர் நான் அஞ்சு. பூனை ஒண்ணு வாசப்படி வரைக்கும் வந்துச்சு. உள்ள வரல. அதனால கணக்குல சேர்க்கல.

ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க. அந்த நாற்காலியில தைரியமா உக்காருங்க, அது என்னோடதுதான். ஒரு காலத்துல ஊஞ்சல் மாதிரி ஆடும். இப்ப கல்லு மாதிரி நிக்குது. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்... பரவால்ல, எனக்குப் பழக்கம்தான்.

கையெழுத்தா? போடறேன், போடறேன். போடத்தானே பேனா மூடியைத் திறந்து வச்சிருக்கேன். 'ரூட்டர் மாட்ட வந்த ஆளு ஒரு ஸ்க்ரூவைத் தொலைச்சுட்டான், அதனால ஃபேக்டரி மூணு வாட்டி நின்னு போச்சு, ஸ்டோர் கீப்பர் சாட்சி.' எல்லாத்தையும் நீங்களே அழகா டைப் அடிச்சுக் கொண்டாந்துட்டீங்க. கீழ நான் ஒரு கையெழுத்து போட்டா நெட்டையை வேலையை விட்டுத் தூக்கிடுவீங்க. அவ்வளவுதானே?... தலையாட்டறீங்க. சரி. ஆனா முழுசாக் கேட்டுட்டு வாங்கிக்குங்க. நான் அதிகம் பேசற ஆளு இல்ல தம்பி. கூச்ச சுபாவம். நாலு பேரு முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இது கண்ணாடி பண்ற ஃபேக்டரின்னு தெரியும் இல்ல? மூக்குக் கண்ணாடி. ஃப்ரேமுக்கும் காதுக்குப் போற தண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூ இருக்கும் பாருங்க... உங்க கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க, கழட்டுங்க... கழட்டினா தெரியாது இல்ல, சரி போட்டுக்குங்க. கடுகு மாதிரி இருக்கும். ஒரு தும்மல் தும்மினா அம்பது ஸ்க்ரூ போயிடும். அந்தக் கடுகை நான் இருபத்தாறு வருஷமா எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கிட்டு இருக்கேன். காலையில நாலாயிரம் போச்சுன்னா, சாயங்காலம் மாட்டினது இத்தனை, மீதி இத்தனைன்னு வந்தாகணும். புக்குல கடைசிக் கட்டத்துக்கு 'வித்தியாசம்'னு பேரு. இருபத்தாறு வருஷமா அந்தக் கட்டத்துல முட்டை. முட்டையைத் தவிர வேற ஒண்ணு கிடையாது. ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா படிச்சவங்க எழுதின புக்கையும் பாத்திருக்கேன், கோழி கிளறின மாதிரி இருக்கும்.

இங்க எல்லாரும் எனக்கு என்ன பேரு வச்சிருக்காங்க தெரியுமா? 'எண்ணியாச்சா.' முதுகுக்குப் பின்னாடிதான். "எண்ணியாச்சா வருது, எண்ணியாச்சா வருது"ன்னு. வரட்டுமே! எண்ணாம வர்றதைவிட எண்ணிட்டு வர்றது மேல்.

ரூட்டர் கதைக்கு வர்றேன். எங்க விட்டேன்?... நான் ஆரம்பிக்கவே இல்லையா? அதுவும் சரிதான்.

முன்னாடியெல்லாம் கடைக்காரங்க ஃபோன்ல பவரைச் சொல்லுவாங்க, இங்க ஒருத்தரு எழுதிப்பாரு. அவரு கழித்தலைக் கூட்டலா எழுதி, யாரோ ஒரு வாத்தியாரு பஸ்ஸுக்குப் பதிலா தண்ணி லாரியில கை காட்டி ஏறினதா கேள்வி. இப்ப அதெல்லாம் இல்ல. கடையில தட்டினா நேரா இங்க லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கே வந்துடுது. வர்ற வழியில நிக்கிற ஆளுதான் இந்த ரூட்டர். எந்தக் கடை ஆர்டர் எந்த மெஷினுக்குன்னு பிரிச்சு அனுப்புது. அது படுத்துச்சுன்னா ஃபேக்டரியே படுத்துக்கும். பழசு சின்னது, அலமாரி மேல உக்காந்திருந்துச்சு, சாப்பாட்டு டப்பா மாதிரி. அது தாங்கலன்னு பெருசா ஒண்ணு வாங்கினாங்க. அதை அலமாரியில வைக்கக் கூடாதாம். ரேக்குல மாட்டணுமாம்.

ரேக்குன்னா என்னமோன்னு பாத்தேன், கதவில்லாத இரும்பு பீரோ! நாலு காலு. காலு முழுக்கச் சதுரம் சதுரமா ஓட்டை. நெட்டை வர்றதுக்கு முந்தின நாளே அதைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. எனக்குச் சும்மா இருக்க முடியல. ஒரு காலுக்கு நூத்தி இருபத்தாறு ஓட்டை. நாலு காலுக்கு ஐநூத்தி நாலு. சிரிக்காதீங்க. அந்த எண்ணிக்கைதான் மறுநாள் உங்க ஆளோட மானத்தைக் காப்பாத்துச்சு, கேளுங்க.

மறுநாள் காலையில ஒம்பது மணிக்கு வந்தான். குனிஞ்சுதான் உள்ள வந்தான், அவ்வளவு உயரம். கொக்குக்குச் சட்டை போட்ட மாதிரி. "அம்மா, வணக்கம்"னான். நான் பதில் சொல்லல. சொன்னேன் இல்ல, கூச்ச சுபாவம். நேரா பாக்கெட்டை வாங்கிப் பிரிச்சேன். பெரிய ஸ்க்ரூ பன்னெண்டு, அதுக்கு ஜோடியா சதுர நட்டு பன்னெண்டு. நாலு பேரு முன்னாடியும் வாய் விட்டு எண்ணினேன். பன்னெண்டுன்னு மேனேஜரும் சொன்னாரு, கூட்டற அம்மாவும் சொன்னாங்க, கொழுந்தன் மட்டும் "பதிமூணு"ன்னான், குறும்புக்கு. மறுபடி எண்ணினேன். பன்னெண்டு.

அந்த நட்டு இருக்கே, கூண்டுக்குள்ள குருவி மாதிரி, அதை ஓட்டைக்குள்ள அமுக்கி மாட்டணும். விரல் நகத்தைப் பேத்துடும். நெட்டை மூணு மாட்டறதுக்குள்ள ரெண்டு விரல்ல ரத்தம். நாலாவதை மாட்டினான். நான் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். "தம்பி, இடப்பக்கம் அறுபத்தி ஒண்ணாவது ஓட்டையில போட்டிருக்க, வலப்பக்கம் அறுபத்தி ரெண்டாவதுல போட்டிருக்க. கோணிக்கும்"னேன். "இல்லம்மா, சரியா இருக்கு"ன்னான். சரி, நமக்கென்ன? ரூட்டர் இருபத்திரெண்டு கிலோ. மேனேஜர் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்கறாங்க. நெட்டை ஸ்க்ரூ போடப் பாக்கறான். இடப்பக்கம் சேருது, வலப்பக்கம் சேரல. வலப்பக்கம் சேத்தா இடப்பக்கம் விலகிக்குது. கொழுந்தன் மூஞ்சி செவந்து போச்சு. "அண்ணி, எத்தனாவது ஓட்டைன்னு சொன்னீங்க?"னு கத்தறான். நான் மெதுவாச் சொன்னேன், "அப்பவே சொன்னேன்"னு. எண்ணி மாத்தினான். நேரா உக்காந்துச்சு, எண்ணெய் போட்ட கீல் மாதிரி!

அதுக்கப்புறம் அவன் என்னைக் கேக்காம ஒரு நட்டு மாட்டல தெரியுமா? "அம்மா, பின்னாடி எத்தனாவது?" "அம்மா, இது சரியா?" எனக்கும்... சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இருபத்தாறு வருஷத்துல யாரும் என்னைக் கேட்டதில்ல. எண்ணிக் குடுன்னுதான் சொல்லியிருக்காங்க, எண்ணிச் சொல்லுன்னு யாரு கேட்டா?

வேலையில குறை சொல்ல முடியாது. வயருக்கு ரெண்டு முனையிலயும் சீட்டு ஒட்டினான், ஒரே நம்பர், என் கையெழுத்துலயே எழுதச் சொன்னான், அவன் எழுத்து கோணலாம். ரெண்டு கரண்ட் வயரையும் ரெண்டு வேற வேற லைன்ல குடுத்தான், ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு. "முன்பக்கம் மூச்சு இழுக்கும், பின்பக்கம் மூச்சு விடும். ரெண்டையும் அடைக்காதீங்க. மாசம் ஒண்ணாந்தேதி முன்னாடி இருக்கற வலையைக் கழட்டித் தூசி தட்டுங்க"ன்னு சொல்லிக் குடுத்தான். இந்தக் கொழுந்தன் என்ன பண்ணான் தெரியுமா? பின்பக்கம் சூடா காத்து வருதுன்னு ரெண்டே நாள்ல ஈர சாக்ஸைக் கொண்டாந்து காயப் போட்டான்! நாலு சாக்ஸு. அதுல ஒண்ணுக்கு ஜோடி வேற. நான்தான் பிடுங்கி எறிஞ்சேன். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல சொல்றான், "அண்ணிக்கு மறை கழண்டுடுச்சுண்ணே, ரூட்டருக்கு மூச்சு முட்டுதாம்"னு. கழண்டது மறையா ஸ்க்ரூவான்னு அப்புறம் தெரிஞ்சுது பாருங்க.

அதான். சாயங்காலம். மாட்டின அன்னைக்கு சாயங்காலம் அஞ்சரை மணிக்குக் கணக்கை முடிக்கறேன். முன்பக்கம் நாலு ஸ்க்ரூ. பின்பக்கம் நாலு. எட்டு ஆச்சா? பன்னெண்டுல எட்டு போனா?... நாலு. நீங்களே சொல்றீங்க. பாக்கெட்டைக் கவுத்தா மூணு! மறுபடி எண்ணினா மூணு. கொழுந்தனை எண்ணச் சொன்னேன், அவனுக்கும் மூணு. அவனுக்கு மூணுன்னா அது மூணுதான், ஏன்னா அவன் எப்பவும் கூட்டித்தான் சொல்லுவான். நட்டு சரியா நாலு மீதி இருக்கு. ஸ்க்ரூ மட்டும் ஒண்ணைக் காணோம்.

ஒரு ஸ்க்ரூதானேன்னு நீங்க நினைக்கறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. உங்க நெட்டையே சொன்னானே! அந்த ரூட்டர் மேல்பக்கம் காத்துக்குன்னு சந்து சந்தா இருக்கு. ஸ்க்ரூ அதுக்குள்ள விழுந்திருந்தா உருண்டு போய் எங்கேயாவது ஒட்டிக்கிட்டு, உள்ள இருக்கறதை எல்லாம் பொசுக்கிடுமாம். அவனே சொன்னப்புறம் நான் எப்படித் தூங்கறது? "நிறுத்திப் பாத்துடலாம்மா"ன்னான். நிறுத்தினான். மெஷின் எல்லாம் நின்னுச்சு. ரூட்டரை இறக்கி, காசை முழுங்கின குழந்தையைக் கவுத்துப் பிடிக்கற மாதிரி மூணு பேரு கவுத்துப் பிடிச்சு ஆட்டறாங்க. தூசிதான் விழுந்துச்சு.

மறுநாள் மறுபடி. நான்தான் சொன்னேன், நேத்து சரியா ஆட்டலன்னு. ஒண்ணுமில்ல. நாலாவது நாள் மறுபடி. மூடியையே கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தான். ஒண்ணுமில்ல. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் ஃபேக்டரி நின்னுச்சு, ஆர்டர் குவிஞ்சு போச்சு, கடைக்காரங்க கத்தறாங்க, மேனேஜர் என்னைப் பாத்துக் கத்தறாரு. நான் என்ன பண்ணட்டும்? கணக்குல ஒண்ணு குறையுதே! கடைசியில அவரு நெட்டையைப் பாத்துக் கத்தினாரு. "இந்த ஆளை இனிமே கேட்டுக்குள்ள விடாதீங்க"ன்னுட்டு உங்க ஆபீஸுக்கு எழுதிட்டாரு.

கூட்டற அம்மா குப்பைக் கூடையை மூணு வாட்டி கொட்டி முறத்துல புடைச்சாங்க. ஒரு பட்டன் கிடைச்சுது, அவங்க புருஷன் சட்டையோடது. அது வரைக்கும் லாபம். வீட்டுல கொழுந்தன் தூங்கறப்போ அவன் பேன்ட் பாக்கெட்டைப் பாத்தேன்... பாக்கத்தானே வேணும்? அஞ்சு பேருல அவனும் ஒருத்தன். மிட்டாய்க் காகிதம் ரெண்டு, துண்டு வயரு ஒண்ணு. இதை அவன் பொண்டாட்டி பாத்துட்டா. என் ஓரகத்தி. "என் புருஷனைத் திருடன்னு சொல்றீங்களா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, எண்ணிப் பாத்தேன்"னேன். அன்னையிலேர்ந்து பேச்சு வார்த்தை கிடையாது. இன்னையோட பத்தொம்போது நாளு. ஒரே அடுப்படியில ரெண்டு பேரும் ஊமைப் படம் ஓட்டறோம். உப்பு டப்பா வேணும்னா அவ என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, அவரு கொழுந்தனைக் கூப்பிட்டு "உங்கண்ணிகிட்ட கேளு"ன்னு சொல்லி, அவன் என்கிட்ட வந்து... ஒரு உப்பு டப்பாவுக்கு நாலு பேரு! உங்க ரூட்டர் பரவால்ல.

எனக்கும் மனசு இல்லையா என்ன? அந்த நாலாவது நாள் நெட்டை மூடியை மாட்டிட்டு வந்து இங்கதான் நின்னான். நீங்க உக்காந்திருக்கற இடத்துக்குப் பக்கத்துல. விரல்ல துணி சுத்தியிருந்தான். "அம்மா, உங்க கணக்கு தப்பாது. அப்ப நான்தான் எங்கேயோ தொலைச்சிருக்கணும். மன்னிச்சுக்குங்க"ன்னான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். பொண்ணோட அப்பா வேலையைப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாராம், இவன் சொல்லல, கூட்டற அம்மா கேட்டு வாங்கிச் சொன்னாங்க.

மறுநாள் கேட் வரைக்கும் வந்து வாட்ச்மேன்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போயிருக்கான். பிரிச்சா, ஒரு ஸ்க்ரூ. கடையில வாங்கினது. இதோ, இந்தக் கவருக்குள்ள இருக்கு. நான் சேத்துக்கல. நீளம் சரி, ஆனா நிறம் வேற பாருங்க. நம்மளுது வெள்ளி, இது கருப்பு. காணாமப் போன புள்ளைக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கொண்டாந்து நிறுத்தினா கணக்கு சரியாயிடுமா? மேல எழுதியிருக்கேன் பாருங்க, 'இது கணக்கில் வராது'ன்னு.

சரி, சரி, கடிகாரத்தைப் பாக்கறீங்க. குடுங்க அந்தக் காகிதத்தை. எங்க போடணும்? இங்கயா?... ஒரு நிமிஷம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பண்ணணும். நாளைக்கு உங்க நெட்டையோ வேற யாரோ, 'அந்தப் பொம்பளை எழுத மறந்திருக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. பின்னாடி அலமாரியில ஏழு புக்கு இருக்கு பாருங்க. எதை வேணும்னாலும் எடுங்க. எந்தப் பக்கத்தை வேணும்னாலும் திறங்க. இந்த ஃபேக்டரிக்குள்ள ஒரு துரும்பு நகர்ந்தாலும் அதுல இருக்கும். எடுங்க தம்பி, வெக்கப்படாதீங்க...

அதையா எடுத்தீங்க? அது மர சாமான் புக்கு. மேஜை, நாற்காலி, பெஞ்சு. அதை வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் திறப்பேன். பரவால்ல, அதையும் பாருங்க. கடைசிப் பக்கமா? பாருங்க, பாருங்க. ஒரு அடித்தல் இருக்கா?... என்ன?... ஏன் சிரிக்கறீங்க?

ஏன் தம்பி சிரிக்கறீங்க? எழுத்துப் பிழையா? எட்டாவதுதான் படிச்சேன்னு அப்பவே சொல்லிட்டேனே. குடுங்க இங்க. எங்க விரலை வச்சிருக்கீங்க? இந்த வரியா? கண்ணாடியைப் போட்டுக்கறேன், இருங்க...

'ஸ்டோர் நாற்காலி. பின்கால், வலது. பழைய ஸ்க்ரூ முறிந்துவிட்டது. புதியது ஒன்று போடப்பட்டது. ரேக் பாக்கெட்டிலிருந்து எடுத்தது. மதியம் ஒன்று இருபது.'

...

என் எழுத்துதான்.

தேதியும் அதேதான்.

எந்திரிங்க தம்பி. கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலியைக் கவுக்கணும்... நீங்களே கவுக்கறீங்களா, சரி. வலது பின்கால்... ஐயோ... வெள்ளி. நம்ம வெள்ளிதான். எப்படிப் பளபளன்னு உக்காந்திருக்கு பாருங்க, ஒண்ணுமே தெரியாத மாதிரி! இருபத்திமூணு நாளா அது மேலயே உக்காந்துக்கிட்டு அதையே தேடியிருக்கேன். அந்த நெட்டை இந்தப் பக்கத்துல நின்னு மன்னிப்புக் கேட்டப்போ, நான் அது மேலதான் தம்பி உக்காந்திருந்தேன்!

இப்ப ஞாபகம் வருது. மதியம் அவங்க நாலு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் பாக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு வாசல்ல காவல். நாற்காலி ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க, விழத் தெரிஞ்சேன். ஸ்க்ரூ முறிஞ்சு கீழ கிடக்கு. பாக்கெட்டுல ஒண்ணை எடுத்துப் போட்டுப் பாத்தேன், அதுக்குன்னே செஞ்ச மாதிரி ஏறுச்சு. உடனே எழுதிட்டேன். எழுதாம இருப்பேனா? நாற்காலிக்குப் போட்டது நாற்காலி புக்குலதானே எழுதணும்! அதான் முறை. அந்த நேரம் பாத்து நெட்டை வந்து கூப்பிட்டான், "அம்மா, பவர் குடுக்கப் போறேன், வாங்க, பச்சை விளக்கை எண்ணுங்க"ன்னு. போய் எண்ணினேன். இருபத்தி நாலுல பதினேழு எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. அதோட இது போச்சு, தலையிலேர்ந்து. எழுதிட்டா மறந்துடலாம்னுதானே தம்பி எழுதறது?

மறக்கல பாருங்க. எழுதியிருக்கேன். எழுதி மறந்திருக்கேன்.

...தம்பி. உங்களைப் பாத்தா நல்ல புள்ளையாத் தெரியுது. ஒண்ணு கேக்கறேன். இப்பவே இதைக் கழட்டி, கைக்குட்டையில துடைச்சு, ரேக்குக்கு அடியில போட்டுட்டு, "அடடா, இதோ கிடைச்சுது!"ன்னு நான் கத்தினா... யாருக்குத் தெரியும்? மேனேஜர் சந்தோஷப்படுவாரு. நெட்டை வேலை நிக்கும். ஓரகத்தி உப்பு குடுப்பா. பூனை எடுத்துட்டுப் போயிருந்துச்சுன்னு கூடச் சொல்லலாம், அதுக்கு என்ன, கோபமா வரப் போகுது?... உங்களுக்குத் தெரியும். ஆமா. நீங்க ஒருத்தரு இருக்கீங்க. அப்புறம் இந்த வரி ஒண்ணு இருக்கு. இதைக் கிழிக்கணும். கிழிச்சா பக்க நம்பர் இடிக்கும். தொண்ணூத்தி ரெண்டுக்கு அடுத்தது தொண்ணூத்தி அஞ்சுன்னு இருந்தா எனக்கு எப்படித் தம்பி சோறு இறங்கும்?

அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடுங்க. பச்சை அட்டை. ஸ்டோர் புக்கு. இதோ, அன்னைக்கு சாயங்காலம். எடுத்தது பன்னெண்டு, மாட்டினது எட்டு, மீதி மூணு, வித்தியாசம்... ஒண்ணு. எவ்வளவு தைரியமா எழுதியிருக்கேன் பாருங்க, கொட்டை எழுத்துல. இருபத்தாறு வருஷத்து முட்டைக்கு நடுவுல ஒரு ஒண்ணு. இப்ப அதையும் அடிக்கணும். முதல் அடித்தல்.

உங்க காகிதத்தைக் குடுங்க முதல்ல. கையெழுத்து போடற இடம் இதுதானே? அதுக்கு மேலயே எழுதறேன், இடம் இருக்கு. 'ஸ்க்ரூ தொலையவில்லை. ஸ்டோர் கீப்பர் நாற்காலியில் இருக்கிறது. போட்டது ஸ்டோர் கீப்பர். மறந்தது ஸ்டோர் கீப்பர். ரூட்டர் மாட்டியவர் மீது குற்றம் இல்லை. ஒரு ஓட்டை மட்டும் தப்பாகப் போட்டார், அதையும் திருத்திவிட்டார்.' கடைசி வரி வேண்டாங்கறீங்களா? நடந்ததுதானே?... சரி, இருக்கட்டும். கையெழுத்து. தேதி. நேரம், பதினொண்ணு அம்பது. வச்சுக்குங்க.

இந்தக் கருப்பு ஸ்க்ரூவைக் குடுத்து விட மாட்டேன். அவனே வந்து வாங்கிக்கட்டும். வர்ற ஒண்ணாந்தேதி வலையைக் கழட்டித் தூசி தட்டணும் இல்ல, அவனையே அனுப்புங்க. வேற ஆளை அனுப்பினா ரூம் சாவி கிடைக்காது, இப்பவே சொல்லிட்டேன். மேனேஜர்கிட்ட நானே போய்ப் பேசிக்கறேன். என்ன, ரெண்டு வார்த்தை பேசணும்... வேர்க்குது. கூச்ச சுபாவம்.

ஒரே ஒரு உபகாரம். இந்த விஷயம் என் கொழுந்தன் காதுக்கு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா நான் சாகற வரைக்கும் நாற்காலியில உக்கார முடியாது. உக்காரும்போதெல்லாம் "எண்ணியாச்சா அண்ணி?"ம்பான். சத்தியம்?... சரி.

இப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க தம்பி. அடிக்கறதை யாரும் பாக்கறது எனக்குப் பிடிக்காது. இதோ... ஸ்கேல் வச்சே அடிக்கறேன். கோணலா இருக்கக் கூடாது இல்ல. ஒண்ணை அடிச்சாச்சு. பக்கத்துல முட்டை. மேல ஒரு வரி: 'மாட்டியது எட்டு, நாற்காலிக்கு ஒன்று.' உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல. பரவால்ல. திரும்பிக்குங்க இப்ப.

தம்பி?

தம்பி!... போயிட்டானா? காகிதத்தை எடுத்துட்டானா? எடுத்துட்டான். நாற்காலியை மட்டும் நிமித்தி வச்சுட்டுப் போயிருக்கான், நல்ல புள்ளை.

வெளியில என்ன சிரிப்புச் சத்தம்?... கொழுந்தன் குரல் மாதிரி இருக்கே. "எந்தக் கால்ல? வலது பின்காலா?"ங்கறான்.

சொல்லிட்டான்!

சிரிக்கட்டும். யாரு என்ன சிரிச்சாலும் கணக்கு முடிச்சாகணும். எடுத்தது பன்னெண்டு. ரேக்குல எட்டு. நாற்காலியில ஒண்ணு. பாக்கெட்டைக் கவுக்கறேன்... ஒண்ணு... ரெண்டு...

மூணு.